நடைப்பயிற்சிக்கு முன்னும் பின்னும் என்ன உண்ணலாம்?

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதயநோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோரில் பலருக்கு மருத்துவர்கள் நடைப்பயிற்சியைப் பரிந்துரைக்கின்றனர். வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி தேவை என உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்துகிறது. நாளொன்றுக்கு 30 நிமிடம் வீதம் ஐந்து நாள்கள் விரைந்து நடந்தால் அந்த அளவு நிறைவேறும். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுவே மிதமான வேகம்.

வெறும் வயிற்றில் நடக்கலாமா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. அது ஒவ்வொருவரும் உட்கொள்ளும் மருந்தைப் பொறுத்தது.

நடப்பதற்கு முன்

இன்சுலின் போட்டுக்கொள்வோரும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்வோரும் வெறும் வயிற்றில் நடப்பதைத் தவிர்க்க வேண்டும். இம்மருந்துகள் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கின்றன, நடையும் குறைக்கிறது. இரண்டும் சேரும்போது சர்க்கரை அபாயகரமான அளவுக்குத் தாழக்கூடும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக வீட்டிலேயே மாத்திரை பெறுவோர், தம் மாத்திரை எந்த வகை என்பதைச் சுகாதாரப் பணியாளரிடம் கேட்டறிவது நன்று.

குளுக்கோமீட்டர் இருப்பின், புறப்படுமுன் சோதித்துப் பாருங்கள்.

• 90-க்குக் கீழ் இருந்தால்: சிறிய வாழைப்பழம் ஒன்று அல்லது இட்லி இரண்டு உண்டு, சிறிது நேரம் கழித்து நடக்கலாம்.
• 250-க்கு மேல் இருந்து, வாந்தி, மிகுந்த தாகம், சோர்வு ஆகியவையும் இருந்தால்: நடக்க வேண்டாம், உடனே மருத்துவரை அணுகவும்.

இம்மருந்துகளை உட்கொள்ளாதோர் ஒரு குவளை நீர் அருந்திவிட்டு நடக்கலாம். வயிறு நிறைய உண்டவுடன் விரைந்து நடப்பது இதயத்திற்குக் கூடுதல் சுமையாகும். ஆகவே இதயநோயாளிகள் முழு உணவுக்குப் பின் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

எண்ணூர், மணலி ஆலைகளிலும் துறைமுகத்திலும் ஷிப்டு முறையில் பணிபுரிவோர் தனிக்கவனம் கொள்ள வேண்டும். இரவுப் பணி முடித்துக் காலையில் நடக்கும்போது, கடைசியாக உண்டு எட்டு மணி நேரம் கடந்திருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், கடைசி உணவுக்கும் மருந்துக்கும் பின் எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் கணக்கிட வேண்டும்.

நடந்து முடித்த பின்

அரை மணி நேர நடையில் ஏறத்தாழ 120 முதல் 150 கலோரி செலவாகும். வரும் வழியில் தேநீர்க் கடையில் உண்ணும் இரண்டு வடையும், சர்க்கரை சேர்த்த தேநீரும் அதைவிட அதிகம். நடைக்கெனத் தனிச் சிற்றுண்டி தேவையில்லை. வழக்கமான காலை உணவே போதும். இட்லியுடன் சாம்பார், பாசிப்பயறுச் சுண்டல், அவித்த முட்டை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் தசைகளுக்குத் தேவையான புரதம் கிடைக்கும். காசிமேட்டில் கிடைக்கும் மத்தி, நெத்திலி ஆகியன மதிய உணவுக்கு ஏற்றவை. பொரிக்காமல் குழம்பாகச் சமைப்பது நலம்.

கேழ்வரகுக் கூழ் நல்ல உணவே. எனினும் அதிலும் மாவுச்சத்து உண்டு என்பதால், நீரிழிவு உள்ளோர் அளவோடு அருந்த வேண்டும். அதனுடன் தொட்டுக்கொள்ளும் கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் ஆகியவற்றில் உப்பு மிகுதி. ஒரு நாளுக்கு மொத்த உப்பு 5 கிராமைத் தாண்டலாகாது. இது ஒரு தேக்கரண்டி அளவு.

வியர்வையை ஈடுசெய்யத் தண்ணீரோ உப்புக் குறைத்த மோரோ போதும். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் இளநீர் அருந்தக் கூடாது. அதில் பொட்டாசியம் அதிகம். இதயச் செயலிழப்புக்காக நீரின் அளவு வரையறுக்கப்பட்டோர், நடந்த நாளிலும் அந்த வரம்பை மீறலாகாது.

குடும்பத்தினர் அறிய வேண்டியவை

கை நடுக்கம், திடீர் வியர்வை, கடும் பசி, தடுமாற்றமான பேச்சு ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் கொடுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் புகட்டாதீர்கள், 108-ஐ அழையுங்கள். நடந்த பல மணி நேரம் கழித்து, சிலருக்கு இரவிலும்கூடச் சர்க்கரை தாழலாம். எனவே அன்று இரவு உணவைத் தவிர்க்க விடாதீர்கள்.

நடக்கும்போது மார்பில் வலியோ இறுக்கமோ தோன்றினால் உடனே நின்றுவிட வேண்டும். ஓய்வெடுத்தும் தணியாவிடில் 108-ஐ அழைக்க வேண்டும்.

நடைக்குச் செல்வோர் சட்டைப்பையில் சிறிது சர்க்கரைப் பொட்டலமும், தம் நோய், மருந்துகள், வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய சீட்டும் வைத்திருத்தல் வேண்டும். நடைப்பயிற்சியைத் தொடங்கிய பின் சர்க்கரை அடிக்கடி தாழ்ந்தால், மருந்தைத் தாமாகவே நிறுத்தாமல், அளவை மாற்றியமைக்க மருத்துவரை அணுக வேண்டும்.