விறகைப் போல் பிளக்கும் அச்சுப் பொருள்

மாணவர்களே, விறகு பிளப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மரத்தின் நார் ஓடும் திசையில் கோடரி இறங்கினால் கட்டை சட்டென்று பிளக்கும். குறுக்கே வெட்டினால் லேசில் அசையாது. முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்த பொருளுக்கும் இப்படி ஒரு திசை உண்டு.

சித்தியவான் வட்டாரத்தில் நாம் நன்கறிந்த ரப்பர் மரம், 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் வெட்டப்படுகிறது. முன்பு விறகான அது, இன்று மேசை நாற்காலியாகிறது. மரம் அறுக்கும்போது உதிரும் தூளும் வீணாவதில்லை. நுண்ணிய மரத்தூளைப் பிஎல்ஏ என்ற நெகிழியுடன் கலந்து அச்சு இழை தயாரிக்கலாம்.

மரம் சேர்ந்தால் வலிமை கூடுமா? பெரும்பாலும் குறையும். துகள்கள் நீண்ட நார்களல்ல. நெகிழியுடன் இறுகப் பிணைவதுமில்லை. ஆகவே அச்சு அமைப்புகளில் கவனம் தேவை.

வெப்பநிலை: ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ். மிகக் குறைந்தால் அடுக்குகள் ஒட்டாது. மிக உயர்ந்தால் மரத்தூள் கருகி, அச்சு முனை அடைபடும்.

ஈரம்: மரத்தூள் ஈரத்தை உறிஞ்சும். அது சூட்டில் ஆவியாகிக் குமிழிகளை உண்டாக்கும். இழையைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

சுவர்: வெளிச்சுவர்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் பொருள் உறுதியாகும்.

திசை: இழுவிசை அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் இருந்தால், பொருள் விறகைப் போலப் பிளக்கும்.

சோதித்துப் பாருங்கள். ஒரே கொக்கியைப் படுக்க வைத்து ஒன்றும், நிற்க வைத்து ஒன்றும் அச்சிடுங்கள். வாளியைத் தொங்கவிட்டு, லிட்டர் லிட்டராக நீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. எது முதலில் முறியும்? ஊகத்தை முன்பே எழுதி வையுங்கள். கால்களைத் தள்ளி வையுங்கள்!