ஒரு யூனிட் வெப்பம் என்ன விலை?

பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வீடுகளுக்கு விற்ற மின்சாரத்தின் விலை உச்சவரம்பு யூனிட்டுக்குச் சராசரியாக 24.5 பென்ஸ். குழாயில் வரும் எரிவாயுவையும் அங்கே யூனிட் கணக்கில்தான் விற்கிறார்கள். அப்போது அதன் விலை 6.24 பென்ஸ். கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு! பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்க எது மலிவு என்று இதற்கு மேலும் யோசிக்க வேண்டுமா? வேண்டும்.

கம்பிச்சுருள் ஹீட்டரிலிருந்து தொடங்குவோம். ஆயிரம் வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவு, ஒரு யூனிட் வெப்பம். துளிகூட வீணாவதில்லை. அதனால்தான் 'சிக்கன ஹீட்டர்' என்று கூடுதல் விலைக்கு விற்பதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. மலிவான ஹீட்டரும் ஒரு யூனிட்டுக்கு அதே வெப்பத்தைத்தான் தரும். விலை: 24.5 பென்ஸ்.

எரிவாயு பாய்லரின் சூட்சுமம் தண்ணீரில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. பழைய பாய்லர்கள் அந்த ஆவியையும் சேர்த்துச் சுமார் கால்வாசி வெப்பத்தைப் புகைபோக்கி வழியே வானத்துக்கு அனுப்பிவிடும். புதியவை ஆவியைத் திரும்ப நீராக்கி, அதில் ஒளிந்திருக்கும் வெப்பத்தைப் பிடுங்கிக்கொள்கின்றன. ஆனால் பாய்லர் சூடாக்கிய தண்ணீர் அறைகளின் ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும்போது சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஆவி குளிர்ந்து நீராகும். பாய்லரை 75 டிகிரியில் வைத்துவிட்டு, 'இது புது மாடல்' என்று பெருமைப்படுவதில் பெரிய லாபமில்லை. பத்தில் ஒன்பது பங்கு கிடைத்தால், ஒரு யூனிட் வெப்பம் சுமார் 7 பென்ஸ்.

அடுத்தது ஹீட் பம்ப், அதாவது வெப்ப இறைப்பி. நம் வீட்டு ஏசியைத் திருப்பி மாட்டியதுபோன்ற இயந்திரம். ஏசி அறையின் வெப்பத்தைத் தெருவுக்குத் தள்ளுகிறது; இது தெருவின் வெப்பத்தை அறைக்குள் கொண்டுவருகிறது. பனி உறையும் தெருவில் ஏது வெப்பம்? வெப்பத்தின் உண்மையான பூஜ்ஜியம் மைனஸ் 273 டிகிரி. அங்கிருந்து எண்ணினால் 20 டிகிரி அறை 293 படி மேலே. பனி உறையும் காற்று 273 படி மேலே. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வெப்பத்தைப் பிடிக்கப் பல இயந்திரங்களில் புரொப்பேன் ஓடுகிறது. அது மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குப் பனிக்காற்றும் அடுப்புதான். கொதித்து வாயுவானதைக் கம்ப்ரெஸர் அழுத்த, சூடு ஏறுகிறது. அந்தச் சூட்டை வீட்டுத் தண்ணீரிடம் கொடுத்துவிட்டு, மீண்டும் திரவமாகி வெளியே போகிறது. கிணற்றில் நீர் இறைப்பவர் நீரை உண்டாக்குவதில்லை, மேலே ஏற்றுகிறார். மின்சாரம் இங்கே செய்வதும் அதுதான். ஆகவே ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கிறது. இரண்டு யூனிட் தெருவிலிருந்து வந்த இனாம்.

விஞ்ஞானி கெல்வின் பிரபு இப்படி ஒரு இயந்திரம் சாத்தியம் என்று 1852இலேயே எழுதிவிட்டார். 1938இல் சூரிச் நகர மன்றக் கட்டடம் பக்கத்து லிம்மாட் ஆற்றிலிருந்து வெப்பம் இறைத்தது.

இனி விலை. மூன்று மடங்கு கிடைத்தால் 8.2 பென்ஸ்: எரிவாயுவிடம் தோல்வி. மூன்றரை மடங்கானால் 7 பென்ஸ்: சமம். நான்கானால் 6.1: வெற்றி. எத்தனை மடங்கு என்பதை எது தீர்மானிக்கிறது? கிணறு ஆழமானால் உழைப்பு கூடுமல்லவா? ரேடியேட்டரில் 55 டிகிரித் தண்ணீர் கேட்டால் இயந்திரம் திணறும். 35 டிகிரி போதுமென்றால் லாவகமாக ஓடும். ஆனால் இளஞ்சூட்டுத் தண்ணீரால் அறையை நிரப்பப் பெரிய ரேடியேட்டரோ தரைக்கடியில் குழாய்களோ வேண்டும். மின் கட்டணத்தைத் தீர்மானிப்பது பாதிக்குமேல் ரேடியேட்டர் என்னும் இந்தப் பழைய இரும்புச் சாமான்தான் என்பேன். பொருத்தும் செலவு தனி. 2024இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு அதற்கு 7,500 பவுண்டு மானியம் தந்தது.

நார்வேயில் இந்தப் போட்டியே வேறு. அங்கே வீடுகளுக்குப் பெரும்பாலும் எரிவாயுக் குழாய் கிடையாது. எதிரில் நிற்பது முக்கியமாகக் கம்பிச்சுருள் ஹீட்டர்தான். ஒன்றுக்கு மூன்று என்றாலே ஆட்டம் முடிந்தது. பத்தில் ஆறு கட்டடங்களில் வெப்ப இறைப்பி ஓடுகிறது, பெரும்பாலும் அணை மின்சாரத்தில். தன் எரிவாயுவை நார்வே 1,166 கி.மீ. கடலடிக் குழாயில் பிரிட்டனுக்கு விற்கிறது.