பதிலை அவளே சொல்லட்டும்

முக்கூடல் கடைத்தெரு. "என்ன தாயி வேணும்?" என்று பலசரக்குக்கடை அண்ணாச்சி கேட்கிறார். எட்டு வயதுப் பிள்ளை அம்மாவின் முந்தானைக்குள் ஒளிகிறது. "அவ பேச மாட்டா அண்ணாச்சி. கால் கிலோ கடலப்பருப்பு குடுங்க" என்கிறாள் அம்மா. வீட்டில் அம்மா பீடி சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் கதையளக்கும் பிள்ளைதான் இது.

கூச்சமா, பதற்றமா?

கூச்சம் கொஞ்ச நேரத்தில் தெளியும். பதற்றம் முந்தின இரவே தொடங்கிவிடும். பள்ளிக்கூட நாள் காலையில் வயிறு வலிக்கும், ஞாயிற்றுக்கிழமை வலிக்காது. அதை நடிப்பு என்று அதட்டுகிறோம். வலி நிஜம், அதைக் கிளப்புவது பயம்.

அம்மா பதில் சொன்னதும் பிள்ளையின் படபடப்பு அடங்குகிறது. ஒளிந்தால் தப்பிக்கலாம் என்று மனம் பழகிக்கொள்கிறது. அடுத்த தடவை கடை வாசலிலேயே கால் பின்வாங்கும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழுவினர், பதற்றக் கோளாறுள்ள 7 முதல் 14 வயது வரையிலான 124 பிள்ளைகளை ஆராய்ந்து 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு பகுதியினரில் பிள்ளைகளுக்கே சிகிச்சை. மற்றவர்களில், இப்படிப் பிள்ளைக்காக முந்திக்கொள்வதைக் குறைக்கப் பெற்றோருக்கு மட்டும் 12 வாரப் பயிற்சி. இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே பலன்!

ஆற்றில் இறக்குவதுபோல

'தூக்கித் தண்ணியில போட்டா தானா நீந்துவான்' என்பவர்கள் தாமிரபரணிக் கரையில் இன்றும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படிப் போட்ட பிள்ளை படித்துறைப் பக்கமே வராமல் போகலாம். முதலில் முழங்கால் தண்ணீர், பிறகு இடுப்பளவு, வயிற்றைத் தாங்கிய கை மெல்லத் தளர்வது என்றுதான் நீச்சல் வரும்.

கடையிலும் அப்படியே. முதல் வாரம் காசை மட்டும் பிள்ளை நீட்டட்டும். அடுத்து "உப்பு" என்று ஒரே சொல். பிறகு அம்மா வாசலில் நிற்க, அவள் மட்டும் உள்ளே. "பயமே இல்ல, போ" என்பதைவிட, "பயமாத்தான் இருக்கும், உன்னால முடியும்" என்பது பலிக்கும். ஒரு படியில் பயம் குறையும்வரை அங்கேயே நிற்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது மட்டும் வேண்டாம்.

எப்போது மருத்துவரிடம்?

பள்ளிக்கூடம் போகவே மறுத்தால், வகுப்பில் ஒரு மாதத்துக்கு மேல் வாயே திறக்காவிட்டால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால் தாமதிக்க வேண்டாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அண்ணாச்சியிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை வாய் திறக்கும்வரை பொறுங்கள். திறந்ததும், "அட, பேசிட்டாளே!" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொல்லாதீர்கள். உப்பையும் மீதிச் சில்லறையையும் அவள் கையில் கொடுத்தால் போதும்.