வன்றட்டின் மீது விழும் வீண்பழி

கணினியொன்றிற் பணிசெயல் முறைமையை நிறுவ முற்படுவோர் சிலவேளைகளில் விந்தையானதொரு தொல்லையை எதிர்கொள்வர். நிறுவல் பாதியிலே நின்றுவிடும். கோப்பொன்று பழுதென்று திரை அறிவிக்கும். மறுமுறை வேறோரிடத்தில் நிற்கும். ஒருவாறு நிறைவெய்தினாலும், மறுநாள் வன்றட்டிலுள்ள கோப்புக்கள் சிதைந்து கிடக்கும். தட்டுக் கெட்டுவிட்டதென்று புதியதொன்றை வாங்கிப் பொருத்துவர், தொல்லையோ தொடரும்.

இத்தகைய நிலையில் முதலில் ஐயுறத்தக்கது றாம் எனப்படும் நினைவகமே. நிறுவப்படும் கோப்புக்கள் முதலில் நினைவகத்துள் வந்து, அங்கே விரிக்கப்பட்டு, அதன் பின்னரே தட்டில் எழுதப்படுகின்றன. அவ்விடத்தில் 0 ஒன்று 1 ஆக மாறிவிட்டால் தட்டு அதனை எவ்வாறு அறியும்? கொடுத்ததைக் கொடுத்தபடியே எழுதிவைக்கும். கோப்புக்களின் இருப்பிடத்தைக் காட்டும் அட்டவணையில் அப்பிழை நேருமாயின், பல கோப்புக்கள் ஒருங்கே தொலையவும் கூடும்.

பிழை இடம் மாறி மாறித் தோன்றுவதே நல்ல தடயம். நிறுவற்றட்டிற் குறையிருந்தால், பெரும்பாலும் ஒரே இடத்திலேயே தடை நேரும். நாளாந்தச் சிறு வேலைகளிலே தலைகாட்டாத பழுது, நினைவகம் பெருமளவிற் பயன்படும் நிறுவலின்போது வெளிப்படுவதும் இயல்பே.

வேகத்தாலும் மின்னழுத்தத்தாலும் வேறுபட்ட இரு நினைவகத் துண்டுகளை ஒன்றாய்ப் பொருத்துவது இதற்கு ஒரு காரணம். விதித்த அளவுக்கு மேலான வேகத்தில் அவற்றை இயக்குவது மற்றொன்று. ஆகவே முதலில் பயோஸ் அமைப்பில் வேகத்தை இயல்பு நிலைக்குக் கொணர்தல் வேண்டும். பின்னர் மெம்ரெஸ்ற்86 போன்ற சோதனை நிரலை ஓர் இரவு முழுவதும் இயக்குக. அது பணிசெயல் முறைமையின் துணையின்றித் தானே இயங்கவல்லது. ஒரு பிழை காட்டினாலும் அலட்சியஞ் செய்தல் தகாது. துண்டுகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதித்து, பின் பொருத்துமிடத்தையும் மாற்றிப் பார்த்தால், குற்றம் துண்டிலா பொருத்தியிலா என்பது புலனாகும்.

இதனிடையே அவசரப்பட்டுத் தட்டைத் திருத்தும் நிரலை ஏவுவது பேராபத்து. அந்நிரலும் அதே பழுதுற்ற நினைவகத்திலன்றோ இயங்குகின்றது! எஞ்சிய நல்ல கோப்புக்களையும் அது கெடுத்துவிடலாம். பிள்ளைகளின் புள்ளிப் பதிவோ குடும்பப் படங்களோ தட்டில் இருந்தால், அதனைக் கழற்றி நலமான வேறொரு கணினியில் இணைத்துப் பிரதியெடுப்பதே தக்கது.

இத்தகைய பிழைகளைத் தாமே கண்டு திருத்தும் குறியீட்டு முறையொன்றை றிச்சட் ஹாமிங் என்னும் அமெரிக்கக் கணிதவியலாளர் 1950 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். அவ்வழி வந்த திருத்தும் நினைவகம் பெரிய சேவையகக் கணினிகளில் வழக்கமாய் உண்டு. வீட்டுக் கணினிகளுட் பெரும்பாலானவற்றில் இல்லை. ஆதலின் பழுதான துண்டை நீக்கிய பின்னர், தட்டை மீள வடிவமைத்து, நிறுவலை முதலிலிருந்தே தொடங்குதல் வேண்டும். முன்னர் பிழையாய் எழுதப்பட்டவை தாமாகத் திருந்துவதில்லை.