உப்பு படிந்த உத்தரவாதம்: வீட்டு எஸ்பிரெசோ இயந்திரங்களின் பழுதும் வாங்கியவரின் உரிமையும்

எஸ்பிரெசோ இயந்திரம் என்பது, நைசாக அரைத்து அழுத்தி நிரப்பிய காப்பித்தூளின் ஊடாக, 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய தண்ணீரை 9 பார் அழுத்தத்தில், அதாவது காற்று மண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு விசையோடு செலுத்தி, அரை நிமிடத்துக்குள் கெட்டியான காப்பிச்சாற்றை இறக்கித்தரும் மின்சாதனமாகும். பித்தளை ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்குவதற்குப் புவியீர்ப்பே போதும் என்பதால் அதில் துளைகள் அடைபடுவதைத் தவிர வேறு கோளாறு வர வழியில்லை. எஸ்பிரெசோவுக்கோ பம்பு, ஹீட்டர், வால்வு, ரப்பர் வளையம், மின்னணுப் பலகை ஆகிய அனைத்தும் சூட்டிலும் ஈரத்திலும் அழுத்தத்திலும் ஒருசேர உழைத்தாக வேண்டும். சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும் விலைகளில் இவ்வியந்திரங்கள் இந்திய வீடுகளுக்குள் வந்துவிட்ட நிலையில், அவை பழுதாகும்போது எழும் தகராறு பெரும்பாலும் ஒரே கேள்வியில் போய் நிற்கிறது: குறை தயாரிப்பிலேயே இருந்ததா, பயன்படுத்திய விதத்தால் வந்ததா? இதற்கு விடை சொல்லும் சான்றை யார் திரட்டி வைத்திருக்கிறாரோ அவர் பக்கமே தீர்வும் சாயும் என்பதால், இயந்திரத்தின் உட்புறத்தை ஓரளவு தெரிந்துகொள்வது உரிமையைத் தெரிந்துகொள்வதோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிடுகிறது.

விலை குறைந்த இயந்திரங்களில் தண்ணீரைச் சூடாக்குவது தெர்மோபிளாக் எனப்படும் உலோகக் கட்டி. அதனுள் வளைந்து செல்லும் மெல்லிய குழாயின் வழியே தண்ணீர் ஓடும்போதே சூடேறிவிடும். விலை கூடியவற்றில் பித்தளை, செம்பு அல்லது துருப்பிடிக்காத எஃகினாலான சிறு பாய்லர் இருக்கும். அழுத்தம் தருவது பெரும்பாலும் அதிர்வு பம்பு, அதாவது மின்காந்தச் சுருளுக்குள் ஒரு சிறு தண்டு நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் துடித்துத் தண்ணீரைத் தள்ளும் அமைப்பு. பெட்டியின் மேல் ‘15 பார்’ என்றும் ‘20 பார்’ என்றும் கொட்டை எழுத்தில் அச்சிடப்படுவது இந்த பம்பு உச்சமாகத் தரக்கூடிய அழுத்தமே தவிர, காப்பித்தூளின் மேல் விழ வேண்டிய அழுத்தம் அன்று. அந்த எண் கூடுவதால் காப்பியும் மேம்படுவதில்லை, இயந்திரத்தின் ஆயுளும் நீள்வதில்லை. தூளைத் தாங்கும் கைப்பிடிக் கிண்ணமாகிய போர்ட்டாஃபில்டர் வந்து பூட்டிக்கொள்ளும் இடத்தில் உள்ள ரப்பர் கேஸ்கட், நாள்தோறும் வெந்து வெந்து இறுகி வெடித்து நீரைக் கசியவிடும். இது தேய்மானமே ஆகும். மலிவான ஒரு வளையத்தை மாற்றினால் தீர்ந்துவிடும் இக்கசிவை இயந்திரமே கெட்டுவிட்டதாக எண்ணி அஞ்சுவோரும் உண்டு, அவ்வச்சத்தைக் காசாக்குவோரும் உண்டு.

உண்மையான சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுந்த தண்ணீரைக் கடின நீர் என்று பாடநூல்களும் உப்புத் தண்ணீர் என்று மக்களும் சொல்கின்றனர். இத்தண்ணீர் சூடேறும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிக் குழாய்ச் சுவரில் வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்றும், மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் வகுத்திருக்கிறது. இவ்வரம்பு மனிதர் குடிப்பதற்கானதே ஒழிய இயந்திரத்துக்கானது அன்று. 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரை நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வீதம் ஊற்றினால், ஓராண்டில் ஏறக்குறைய 110 கிராம் அளவுக்கான படிவுப் பொருள் இயந்திரத்தைக் கடந்து செல்கிறது; அதில் ஒரு சிறு பங்கே உள்ளே தங்கினாலும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள நீர்த்துளைகளை அடைப்பதற்கும், ஹீட்டரின் மேல் போர்வையாகப் படிந்து அது தன் சூட்டாலேயே கருகும்படி செய்வதற்கும் அது போதுமானது.

இதற்கு ஆர்.ஓ. தண்ணீரே முழுத் தீர்வு என்று கருதுவதும் தவறு. உப்பு அனேகமாக முழுவதும் நீக்கப்பட்ட நீர் உலோகத்தை அரிக்கக்கூடியது. அன்றியும், பாய்லரில் நீர்மட்டத்தை அறியும் உணரிகள் பல, நீரின் மின்கடத்துத் திறனை நம்பியே இயங்குவதால், உப்பற்ற நீர் நிறைந்திருக்கும்போதும் பாய்லர் காலியாக இருப்பதாகக் கணித்து மேலும் மேலும் நிரப்பிக்கொண்டே போகும். எனவே காப்பித் துறையினர் மொத்தக் கரைபொருள் லிட்டருக்கு 150 மில்லிகிராமை ஒட்டியும், கால்சியம் கடினத்தன்மை 70-ஐ ஒட்டியும் உள்ள தண்ணீரையே விரும்புகின்றனர். கடைகளில் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் கரைபொருளின் மொத்தத்தைக் காட்டுமேயன்றிக் கடினத்தன்மையைப் பிரித்துக் காட்டாது என்பதால், வேதிப்பொருளைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறமாற்றம் பார்க்கும் சிறு பரிசோதனைப் பெட்டியையோ, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தையோ நாடுவது நல்லது. கடலோரப் பகுதிகளில் குளோரைடு அளவையும் சேர்த்துக் கேட்டுப் பெற வேண்டும். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரையும் மீறி அந்த உலோகத்தில் ஊசித்துளை விழச் செய்வது குளோரைடே.

தண்ணீரின் இந்தக் குணம் உத்தரவாதத் தகராறின் நடுமையத்துக்கு வந்து சேரும் விதம் கவனிக்கத்தக்கது. சர்வீஸ் மையத்திலிருந்து வரும் தொழில்நுட்பர் மேல்மூடியைக் கழற்றுகிறார். குழாய் இணைப்பின் ஓரத்தில் வெண்ணிறத் துகள் தெரிகிறது. ஜாப் கார்டில் ‘உப்புப் படிவு, வாரண்டிக்கு உட்படாது’ என்று எழுதி வாடிக்கையாளரிடம் கையொப்பம் கேட்கிறார். பழுதானது மின்னணுப் பலகையாகவோ பம்பாகவோ இருந்து, படிவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். ஆயினும் கையொப்பமிட்ட அந்தத் தாள் பின்னாளில் வாங்கியவருக்கு எதிரான முதல் ஆவணமாகிவிடுகிறது. அவ்விடத்தில் செய்யத்தக்கது, ‘படிவே பழுதுக்குக் காரணம் என்பதை ஏற்கவில்லை’ என்று தம் கைப்பட எழுதிக் கையொப்பமிடுவதும், கழற்றிய பாகத்தைப் படமெடுத்துக்கொள்வதும், எந்தப் பாகம் என்ன காரணத்தால் பழுதானது என்பதை எழுத்தில் கோருவதும் ஆகும். நீர்ப்பரிசோதனைச் சீட்டும், படிவு நீக்கிய நாள்களின் குறிப்பும், அதற்கு வாங்கிய மருந்தின் ரசீதும் கையிலிருந்தால் எதிர்த்தரப்பின் வாதம் பாதி வலுவிழந்துவிடும்.

மின்சாரத்தால் வரும் பழுதுகள் இவ்வளவு நுட்பமானவை அல்ல. இந்தியாவின் மின்வழங்கல் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கிருந்து உறவினர் கொண்டுவந்த இயந்திரத்துக்கு மின்மாற்றி வாங்கி வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. 60 ஹெர்ட்ஸுக்கென வடிவமைத்த அதிர்வு பம்பு 50-ல் ஓடும்போது கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். இவ்வாறு வந்த பொருளுக்கும், அதிகாரபூர்வ இறக்குமதியாளரைத் தாண்டி இணையத்தில் மலிவாக விற்கப்படும் பொருளுக்கும் தயாரிப்பாளரின் இந்தியக் கிளை உத்தரவாதம் மறுப்பது வழக்கமாக இருப்பதால், உறையின் மேல் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது அவசியம். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் அவற்றைக் கட்டாயமாக்கியுள்ளன.

உடலுக்கு நேரும் ஆபத்துகளில் முதன்மையானது வெந்நீரும் நீராவியும் சுடுவது. காப்பி இறங்கி முடிந்ததும் மிச்ச அழுத்தத்தை வடிகாலுக்குத் திருப்பிவிடும் மூவழி சோலினாய்டு வால்வு, அதாவது மின்காந்தத்தால் திறந்து மூடும் சிறு கதவு, மலிவான பல இயந்திரங்களில் இருப்பதில்லை, இருந்தாலும் அடைத்துக்கொள்வதுண்டு. அந்நிலையில் போர்ட்டாஃபில்டரை உடனே திருப்பிக் கழற்றினால் கொதிக்கும் தூள் முகத்திலும் கையிலும் தெறிக்கும். எஸ்பிரெசோ வகையைச் சேராத ஒரு காப்பி இயந்திரமாயினும் கியூரிக் நிறுவனத்தின் மினி பிளஸ் 2014 டிசம்பரில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 66 லட்சம் எண்ணிக்கையில் திரும்ப அழைக்கப்பட்டதற்கு, அதிலிருந்து வெந்நீர் பீய்ச்சியடித்துப் பலர் சூடுபட்டதே காரணம். ஹீட்டரின் உறை அரிக்கப்பட்டு ஈரம் புகுந்தால் மின்கசிவு உண்டாகும். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் முறையான எர்த்தும் உயிர்காக்கும் என்பதால், இயந்திரத்தைப் போடும்போதெல்லாம் வீட்டு மின்சாரம் ட்ரிப் ஆனால், ஆர்.சி.சி.பி.யை நீக்கிவிட்டுப் பயன்படுத்துவது பெரும் பிழை. பலரும் எண்ணிப்பாராத இன்னொன்று ஈயம். படிவு நீக்கிய உடனே வீட்டு எஸ்பிரெசோ இயந்திரங்கள் சிலவற்றிலிருந்து ஈயம் மிகுதியாகக் கசிந்ததை ஜெர்மனியின் கூட்டாட்சி இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2013-ல் சுட்டிக்காட்டியது. படிவு நீக்கும் மருந்திலுள்ள அமிலம் பித்தளையின் மேற்பரப்பைக் கரைத்துவிடுவதால், மருந்திட்ட பின் பலமுறை தண்ணீர் ஓட்டிக் கொட்டிவிடுவது கண்டிப்பான நடைமுறையாக வேண்டும்.

சட்டத்துக்கு வந்தால், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறைபாடு என்பதற்கு அகலமான பொருளைத் தருகிறது: ஒரு சட்டத்தாலோ, வெளிப்படையான அல்லது உட்கிடையான ஒப்பந்தத்தாலோ பேணப்பட வேண்டிய தரத்தில் மட்டுமின்றி, வணிகர் தாமே உரிமை கொண்டாடிய தரத்தில் நேரும் குறையும் அதில் அடங்கும். ஆகவே உத்தரவாத அட்டையில் எழுதியிருப்பது மட்டுமே வாங்கியவரின் உரிமை என்று கொள்வது சரியன்று. விளம்பரத்தில் சொன்னதும் கணக்கில் வரும் என்பதால் விற்பனைப் பக்கத்தின் படத்தை வாங்கிய அன்றே சேமித்து வைப்பது பயன் தரும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் தம் சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிய சிறுகடைக்காரரை இச்சட்டம் விலக்கவில்லை. எனினும் வீட்டு இயந்திரத்தைக் கடையில் வைத்தால் உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனை ஏறத்தாழ எல்லா அட்டைகளிலும் இருப்பதை அவர் மறக்கலாகாது.

சான்றுச் சுமையில்தான் இந்திய நுகர்வோர் பின்தங்கி நிற்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, பொருள் கைக்கு வந்த ஓராண்டுக்குள் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அக்காலம் ஆறு மாதம். மாறாக நிரூபிக்கும் பொறுப்பு அங்கு விற்றவரைச் சாரும். இந்தியச் சட்டத்தில் அத்தகைய பொதுவான முன்னனுமானம் இல்லாததால், குறை இருப்பதை வாங்கியவரே காட்டியாக வேண்டும். பரிசோதனையின்றி முடிவுகட்ட இயலாதபோது நுகர்வோர் குறைதீர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாள்களில் அறிக்கை பெற 38-ஆம் பிரிவு வழிசெய்கிறது. அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர் செலுத்தும்படி ஆகலாம். தயாரிப்பாளரோடு தொடர்பில்லாத ஒரு தொழில்நுட்பரிடம் எழுத்துவடிவக் கருத்தை முன்கூட்டியே பெற்றுவைப்பது அறிவுடைமை.

இணையத்தில் வாங்கியிருப்பின் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் துணைக்கு வரும்: குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும், பழுதுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. அதற்கும் அசையாதவரிடம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் வழியாகப் பேசிப் பார்க்கலாம். ஆனால் அது ஆணையிடும் அதிகாரமற்ற சமரச வழியே. ஆணையிட வல்லது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்குப் புகார் செய்யலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை என்பதால் ஏறத்தாழ எல்லா வீட்டு இயந்திரங்களும் இலவச வரம்புக்குள்ளேயே அடங்கும். புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய 34-ஆம் பிரிவு இடந்தருவதால், இறக்குமதியாளர் மும்பையில் இருந்தாலும் கோயம்புத்தூர்க்காரர் கோயம்புத்தூரிலேயே வழக்காடலாம். 2025 முதல் இயங்கும் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் பதிவு செய்யலாம். காலவரம்பு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். பழுதை நீக்கல், மாற்றுப் பொருள், விலையைத் திருப்பித் தருதல், இழப்பீடு ஆகியவற்றை ஆணையம் விதிக்கலாம். பரிசோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும் தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் விருப்பம்; நடப்பு அவ்வளவு விரைவானதன்று. சூடுபட்டோ மின்னதிர்ச்சியாலோ உடற்காயம் நேர்ந்தால் தயாரிப்புப் பொறுப்பு என்ற தனி அத்தியாயத்தின் கீழ் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கோரலாம். இயந்திரம் கெட்டுப்போன இழப்பு மட்டும் அவ்வத்தியாயத்தின் கீழ் வராது, அது குறைபாட்டுப் புகாராகவே செல்ல வேண்டும்.

உத்தரவாதம் முடிந்த பின் எஞ்சுவது உதிரிபாகச் சிக்கல். பழுதுபார்க்கும் உரிமைக்கான கட்டமைப்பை வகுக்க இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் அமைத்த குழு, வீட்டு நுகர்பொருள்களையும் தன் வரம்பில் சேர்த்துக்கொண்டது. அதற்கெனத் தனி இணையதளமும் வந்தது. எனினும் இத்தனை ஆண்டுகளுக்கு உதிரிபாகம் விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதனால் உண்டாகிவிடவில்லை. ஆகவே இயந்திரத்தின் வடிவமைப்பே வாங்குபவருக்குக் காப்பாகிறது. 1961-ல் ஃபயேமா நிறுவனம் அறிமுகப்படுத்திய, போர்ட்டாஃபில்டர் பூட்டும் ஈ61 தலைப்பகுதி கொண்ட இயந்திரங்களுக்கும், 1991-ல் வந்த காஜியா கிளாசிக் இயந்திரத்துக்கும் கேஸ்கட்டும் வடிதட்டும் பம்பும் இன்றளவும் வெளிச்சந்தையில் கிடைக்கின்றன. கொட்டையை அரைப்பது முதல் பால் நுரைப்பது வரை ஒரே பொத்தானில் முடிக்கும் முழுத் தானியங்கி வகைகளிலோ மின்னணுப் பலகை அந்தந்த நிறுவனத்தாரிடம் மட்டுமே கிடைக்கும், அதன் விலை சில வேளைகளில் புது இயந்திரத்தையே நினைக்கவைக்கும். அவ்வகையை வாங்க விரும்புவோர், பலகையையும் ஹீட்டரையும் இந்தியாவில் வழங்குபவர் யார், இன்றைய விலை என்ன, எந்த ஆண்டு வரை கிடைக்கும் என்னும் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலை ரசீதோடு சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே பணம் கட்டுவது நல்லது.