வரைபவரும் சரிபார்ப்பவரும்

வங்கியில் பெருந்தொகைப் பரிமாற்றம் ஒன்று நிறைவேற இருவர் வேண்டும். ஒருவர் பதிவு செய்வார். மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் அளிப்பார். இப்பழைய ஒழுங்கைப் பன்முகவர் மென்பொருள்கள் இன்று வடிவமைப்புத் துறைக்குக் கொண்டுவந்துள்ளன. காப்பீட்டு முகவரை இங்கு நினைக்க வேண்டா. தனக்கென ஒரு பணி ஏற்று, பிற நிரல்களோடு செய்தி பரிமாறும் நிரலே முகவர் எனப்படுகிறது.

இது நேற்று முளைத்த எண்ணம் அன்று. 1970களில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ஹியர்சே-2 என்னும் பேச்சறி அமைப்பில், பல நிரல்கள் ஒரு பொதுக் கரும்பலகையில் தத்தம் ஊகங்களை எழுதின. 1980இல் ரீட் ஸ்மித் விளக்கிய முறையோ நாமறிந்த ஒப்பந்தப்புள்ளியேதான். 2023இல் வந்த சாட்டெவ், மெட்டாஜிபிடி ஆகியவை மொழி மாதிரிகளுக்கே மேலாளர், பொறியாளர், சோதனையாளர் என வேடங்கள் அளித்தன.

கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்கு வண்ணம் ஏற்றிப் பொம்மைகள் செய்கின்றனர். அங்குள்ள சிறு பட்டறை ஒன்று இத்தகைய மென்பொருளின் துணையோடு உருளும் யானையொன்றை வடிவமைப்பதாகக் கொள்வோம். வரையும் முகவர் கண்களுக்குச் சிறு மணிகளைப் பதிக்கிறது. பாதுகாப்பு முகவர் மறுக்கிறது: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை அவற்றை விழுங்கிவிடலாம். கண்களை வண்ணத்திலேயே இடலாமே என்கிறது செலவு முகவர். ஆனால் அந்தத் துதிக்கை கடைசலில் நிற்குமா, உளி பட்டதும் முறியுமா என்பதைக் கைவினைஞரே சொல்ல வேண்டும்.

இங்கேதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். முகவர்கள் யாவும் ஒரே மொழி மாதிரியின் மேல் இயங்கினால், வரைந்தது காணாத பிழையைச் சரிபார்ப்பதும் காணாமற்போகலாம். பதிவு செய்தவரே வேறு மையில் ஒப்பமிடுவது போன்றது அது! சந்தையில் முன்பே உள்ள வடிவத்தைப் புதியதென்று முகவர்கள் யாவும் ஒருசேரப் பாராட்டிவிட்டால், அதை நம்பிக் கடன் பெற்று அச்சும் கருவியும் வாங்கிய பட்டறைக்கே இழப்பு.

2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டப்படி, புதிய வடிவமே பதிவு பெறும். உரிமை முதலில் 10 ஆண்டு, பின்னர் மேலும் 5 ஆண்டு. விண்ணப்பிக்குமுன் வடிவம் பொதுவில் வெளியாகிவிட்டால் பொதுவாகப் பதிவு கிட்டாது. ஆகவே யானையின் படத்தை வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு முன்பே, முகவர் அல்லாத ஒருவரைக் கொண்டு பதிவேட்டில் தேடச் செய்து, விண்ணப்பத்தையும் அளித்துவிடுவது நன்று.