எருவோடு வரும் முள்மரம்
சீமைக்கருவேலைத் தடுக்கும் முறை

வன்னிப் பெருநிலத்தில் பயிரும் கால்நடையும் ஒன்றையொன்று சார்ந்தவை. காலபோக அறுவடை முடிந்ததும் மாடுகள் வயல்களிலும் குளத்து அலைகரையிலும் மேய்கின்றன. அவற்றின் எரு நெல்லுக்கும் மரக்கறிக்கும் உரமாகின்றது. இதே வழியால் பகைமரமொன்றும் நிலத்தினுட் புகக்கூடும். அதுவே சீமைக்கருவேல். தமிழ்நாட்டில் இதனை வேலிக்காத்தான் என்றும் அழைப்பர்.

அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளுக்குரிய இம்மரம் 1877ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிற்கும், 1950களில் அம்பாந்தோட்டைக்கும் கொண்டுவரப்பட்டது. உவர்நிலத்தைத் திருத்துவதும் விறகு பெறுவதும் நோக்கங்களாயிருந்தன. பின்னர் அது புந்தல தேசியப் பூங்காவில் அடர்ந்த முட்புதராகியது. வன்னியை அடுத்த மன்னார்ப் பகுதியிலும் அது காணப்படுகின்றது.

பிற நாடுகள் கண்ட பாடம்

குஜராத்தின் பன்னிப் புல்வெளியில், உவர் பரவுவதைத் தடுக்க 1960களின் தொடக்கத்தில் இம்மரம் நடப்பட்டது. இன்று மேய்ச்சல் நிலத்தின் பெரும்பகுதியை அது மூடியுள்ளது. கென்யாவின் பாரிங்கோ பகுதியில் 1980களில் நடப்பட்ட மரங்களும் அவ்வாறே பரவின. இனிப்பான காய்களைத் தொடர்ந்து தின்றதால் பல்லிழந்த ஆடொன்றை, அங்குள்ள மேய்ப்பர்கள் 2006ஆம் ஆண்டில் நீதிமன்றத்திற்கே சான்றாகக் கொண்டுசென்றனர்.

பரவும் விதம்

ஆடுமாடுகள் இதன் காய்களை விரும்பி உண்ணும். சதை சமிபாடடையும், வன்தோலுள்ள விதைகளிற் பல சிதையாமல் சாணத்துடன் வெளியேறி, ஈரங்கண்டதும் முளைக்கும். மண்ணிற் கிடக்கும் விதைகள் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். ஆகவே மரம் வெட்டுவதற்கு முன் எருவைக் கவனித்தல் வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. மரத்தைச் சரிவர இனங்காணுக. இதன் பூக்கள் மஞ்சள் நிறக் கதிராகத் தொங்கும். காய்கள் தட்டையாய்ச் சற்று வளைந்து, பழுத்ததும் மஞ்சளாகும். நம் நாட்டு உடைக்கும் கருவேலுக்கும் பூக்கள் உருண்டையானவை. அவற்றை வெட்டுதல் கூடாது.

2. இம்மரமுள்ள இடத்திலிருந்து கொண்டுவந்த ஆடுமாடுகளை ஒரு கிழமையாவது ஒரே பட்டியில் அடைத்து வைக்குக. அச்சாணத்தை வயலில் இடாதிருத்தல் நன்று.

3. வெளியிடத்து எரு இட்ட நிலத்தை முதல் மழைக்குப் பின் சோதித்து, முளைத்த கன்றுகளை வேரோடு பிடுங்குக.

4. வளர்ந்த மரத்தை நிலமட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டை பல கிளைகளாகத் துளிர்க்கும். அடியைத் தோண்டி, ஒரு சாணுக்குக் குறையாத ஆழத்தில் அலவாங்காலும் கோடரியாலும் வேரை அறுத்தெடுக்குக. காய் பழுக்குமுன் இதனைச் செய்தல் வேண்டும். கட்டை விறகுக்கும் கரிக்கும் உதவும்.

5. காய்களைத் தீவனமாக்க விரும்பினால், விதையும் பொடியாகும்படி அரைத்து, பிற தீவனத்துடன் சிறிதளவே கலந்து கொடுக்குக. முழுக்காயைக் கொடுத்தல் விதைப்பதற்கு ஒப்பாகும்.

6. வெறுமையான நிலத்தை அப்படியே விடாது, கொழுக்கட்டைப்புல் போன்ற மேய்ச்சற் புல்லை மழையோடு விதைக்குக. பாரிங்கோவில் இவ்வாறு மீட்கப்பட்ட புல்நிலங்களின் மண்ணில் சேதனக் காபன் பெருகியதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியுள்ளது.

ஒருவர் தம் காணியை மட்டும் துப்புரவாக்கிப் பயனில்லை. அலைகரையும் மேய்ச்சற்றரையும் ஊருக்குப் பொதுவானவை; கமக்காரர் அமைப்பும் கால்நடை வளர்ப்போரும் ஒன்றுகூடி ஆண்டுதோறும் அவற்றைச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். இன்று கையாற் பிடுங்கக்கூடிய கன்றைச் சில ஆண்டுகளின் பின் கோடரியாலும் எளிதில் அகற்ற முடியாது.